ஞாயிறுதோறும் ஒரு ஆள்

வேதா: …சரி, அடுத்தது. 'மழையும் மண்சட்டியும் நானும்'. இது என்ன பதிவு ஜெனிலா?

ஜெனிலா: நெத்திலிக் கருவாட்டுக் குழம்புக்கா.

வேதா: தலைப்புல கருவாடே இல்லையே…

ஜெனிலா: உள்ள இருக்கு. நாலாவது பத்தியில வரும்.

வேதா: அதுக்கு முன்னாடி மூணு பத்தி?

ஜெனிலா: மழை.

வேதா: அடுப்புல சட்டிய வச்சுட்டு ஒருத்தி போன எடுக்கறா. 'நெத்திலிக் குழம்பு வைப்பது எப்படி'ன்னு அடிக்கறா. 'மழையும் மண்சட்டியும் நானும்'னா அடிப்பா?

ஜெனிலா: அடிக்க மாட்டா… ஆனா கேக்க அழகா இருக்குல்லக்கா?

வேதா: அழகா இருக்கு. மழைய கீழ கொண்டு போங்க. மேல கருவாடு. மொத ரெண்டு வரியிலயே இன்ன குழம்பு, இத்தன பேருக்கு, இவ்ளோ நேரமாகும்னு சொல்லிடணும்.

ஜெனிலா: எங்க சித்தி மகன் கிறிஸ்டோ வேற மாதிரி சொன்னான். கருவாட்டுக் குழம்பு, கருவாட்டுக் குழம்புன்னு நாப்பது தடவ எழுதுனா கூகிள் தூக்கி மேல வச்சுருமாம்.

வேதா: படிக்கறவ எந்திரிச்சு ஓடிருவா. மனுஷங்க படிக்கற மாதிரி எழுதுங்க, போதும். இந்த போட்டோவுக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க?

ஜெனிலா: போட்டோவுக்குப் பேரா? அது போன் வச்ச பேரு. ஏதோ நம்பர்.

வேதா: கூகிளுக்குப் போட்டோ நம்ம பாக்கற மாதிரி தெரியாது. 'மண்சட்டியில் நெத்திலிக் குழம்பு'ன்னு பேர் வச்சு, கீழ ஒரு வரி எழுதினாத்தான் அதுக்குப் புரியும். அப்பறம் இவ்ளோ பெரிய போட்டோவ அப்படியே ஏத்தாதீங்க. சின்னதாக்கிப் போடுங்க. தளவாய்புரத்துல ஒரு கோடு சிக்னல்ல பாக்கறவளுக்கு, அது தொறக்கறதுக்குள்ள குழம்பு கொதிச்சே அடங்கிரும்.

ஜெனிலா: எக்கா… இம்புட்டும் சும்மா சொல்லித் தாரீங்களே. முன்னப்பின்ன தெரியாத எனக்கு. 'உங்க பிளாக்கச் சரி பண்ணித் தரேன்'னு மெயில் வந்தப்ப ஏதோ ஏமாத்துற கோஷ்டின்னு நெனச்சேன்.

வேதா: அப்பறம் எப்படி நம்பினீங்க?

ஜெனிலா: ஸ்ரீவில்லிபுத்தூர்னு போட்டிருந்தீய. பக்கத்து ஊர்க்காரி எதுக்கு ஏமாத்தப் போறா… சரி, இந்தாங்க, கேக்கு. நேத்து நாந்தான் போட்டேன்.

வேதா: முட்டை இருக்கா?

ஜெனிலா: ஐயையோ, சேக்க மாட்டீயளோ?

வேதா: பொறந்ததுலருந்து தொட்டதில்ல. எங்காத்துல வெங்காயமே வெள்ளிக்கிழமை கிடையாது.

ஜெனிலா: கறி, மீனு வாடையே ஆகாதா? இங்க பூராம் அதானே இருக்கு. எப்படி இத உக்காந்து படிச்சீய?

வேதா: எழுத்துக்கு வாடை கிடையாதே… முறுக்கு இருந்தா குடுங்க. இப்ப இதப் பாருங்க. இந்தப் பக்கத்த என்னிக்காவது தொறந்திருக்கீங்களா?

ஜெனிலா: என்னது இது, மலையும் பள்ளமுமா கோடு?

வேதா: உங்க பிளாக்குக்கு யார் யார் எதத் தேடி வந்தாங்கன்னு காட்டற இடம்.

ஜெனிலா: அது கிறிஸ்டோ ரெண்டு வருசத்துக்கு முந்தி வச்சுக் குடுத்தான். நான் தொறந்ததே இல்லக்கா.

வேதா: ஏன்?

ஜெனிலா: யாரும் வரலன்னு தெரிஞ்சு போச்சுன்னா… எழுத மனசு வராதுல்ல.

வேதா: வரலயா? இந்த எண்ணப் படிங்க.

ஜெனிலா: பதினோராயிரத்து… இது என்ன, பைசாவா?

வேதா: ஆளுங்க. கூகிள்ல உங்க பிளாக் பேரத் தொட்டு உள்ள வந்தது. பதினாறு மாசத்துல.

ஜெனிலா: எங்க கோயில் அசனத்துக்கே ஆயிரத்து இருநூறு பேர்தான்க்கா.

வேதா: அசனம்னா?

ஜெனிலா: சபைச் சாப்பாடு. வருசத்துக்கு ஒருக்கா, ஊரே உக்காந்து ஒரே பந்தியில கறிச்சோறு திங்கும். நாளைக்குத்தான் எங்க கோயில்ல. அப்பாதான் தலைமைச் சமையல். அடுப்பு வெட்ட விடியவே போயிட்டாவ… பதினோராயிரமா? நெசமாவா?

வேதா: நிஜமா. இது என்ன கேட்டு வந்தாங்கங்கற பட்டியல். படிங்க.

ஜெனிலா: 'முந்திரிக்கொத்து உடையாமல் இருக்க'… 'மாமியார் வருகிறார் சீக்கிரம் செய்யும் குழம்பு'… ஏ யப்பா! இதயுமா கேக்காவ? 'கருவாட்டு வாடை வீட்டில் போக'… 'குழந்தைக்கு வாய்க்கு ருசியில்லை என்ன கொடுக்க'…

வேதா: என்ன நிறுத்திட்டீங்க?

ஜெனிலா: எங்க கோயில்ல ஒரு பெட்டி இருக்கும்க்கா. ஜெப விண்ணப்பப் பெட்டி. பேரு போடாம சீட்டுல எழுதிப் போடுவாவ. மகளுக்கு வரன் அமையணும், வீட்டுக்காரர் குடிய விடணும்னு… அந்தப் பெட்டியத் தொறந்து பாத்த மாதிரி இருக்கு. மேலு புல்லரிக்கி. ஆரு ஆரோ, எங்கெங்கயோ அடுப்பு முன்னாடி நின்னு கேட்டது பூராம் எங்கிட்டயா வந்து சேந்துச்சு?

வேதா: எனக்குப் பத்து வருஷமா இதான் வேல. வெளியூர்ல ஒரு ஓட்டலுக்கு இதத்தான் பாக்கறேன். இன்னும் இந்தப் பட்டியலத் தொறந்தா ஒரு நிமிஷம் வாயடைச்சுப் போகும். சரி, அதிகம் பேர் கேட்டது எதுன்னு மேல பாருங்க.

ஜெனிலா: 'குழம்பில் உப்பு அதிகமானால் என்ன செய்வது'. மூவாயிரத்து இருநூறு பேரு…

வேதா: அதுக்கு ஒரு பதிவு போட்டிருக்கீங்களே. பதிமூணு வழி எழுதிருக்கீங்க! உருளைக்கிழங்கு, தேங்காப்பால், சோத்து உருண்டை… இவ்ளோ யாரும் எழுதல. அனுபவமா?

ஜெனிலா: சும்மா… எழுதுனேன்.

வேதா: ம்.

ஜெனிலா: வேற காட்டுங்கக்கா.

வேதா: இது ஒண்ணு எனக்கு ஆச்சரியம். நூத்து நாப்பது பதிவுல ஒரே ஒண்ணுக்கு மட்டும் தலைப்பு நெத்தியடியா இருக்கு. 'ராஜபாளையம் கோயில் அசனக் கறிக்குழம்பு செய்வது எப்படி'. மழை கிடையாது, நிலா கிடையாது. போட்டோவுக்குக்கூடப் பேர் வச்சிருக்கீங்க. இத மட்டும் யார் சொல்லிக் குடுத்தா?

ஜெனிலா: ஆரும் இல்ல.

வேதா: அப்பறம் எப்படி?

ஜெனிலா: தேடுற ஆளு… எந்த வார்த்தையப் போட்டுத் தேடும்னு யோசிச்சேன்.

வேதா: அதத்தான் நான் காலைலருந்து தொண்டை வத்தச் சொல்றேன்! தெரிஞ்சு வச்சுக்கிட்டே மத்ததுக்கு மழை பேய வச்சிருக்கீங்களே.

ஜெனிலா: மத்தது எனக்கு எழுதுனது. இந்தத் தலைப்பு மட்டும் மாத்த வேண்டாம்க்கா.

வேதா: மாத்த மாட்டேன். இந்தப் பக்கத்துக்கு எந்த நாட்டுலருந்து வராங்கன்னு பாப்போமா? இந்தியா… இலங்கை… குவைத்… சிங்கப்பூர்… சீஷெல்ஸ்.

ஜெனிலா: அது எங்க இருக்கு?

வேதா: ஆப்பிரிக்காவுக்கு இந்தப் பக்கம். கடல்ல சின்னச் சின்னத் தீவு. மொத்த ஜனமே ராஜபாளையத்து ஜனம் அளவுதான்.

ஜெனிலா: அங்க ஆரு அசனக் கறி வைக்கா?

வேதா: அறுபத்தாறு தடவ வந்திருக்காங்க. இருங்க, தேதி வாரியாப் பிரிக்கறேன்… பாத்தீங்களா, கோடு எப்பிடி எந்திரிக்குதுன்னு? ஏழு நாளைக்கு ஒருக்கா. ஒண்ணு… ஒண்ணு… ஒண்ணு…

ஜெனிலா: இது என்ன கெழம?

வேதா: ஞாயிறு.

ஜெனிலா: இது?

வேதா: அதுவும் ஞாயிறு. எல்லாமே ஞாயிறு.

ஜெனிலா: ஒரே ஆளாக்கா?

வேதா: அது காட்டாது. ஆள் யார்னு மறைச்சிரும், ஒண்ணு ரெண்டு பேர் மட்டும் தேடின வார்த்தையயும் மறைச்சிரும். நாடும் நாளும் மட்டும்தான்.

ஜெனிலா: பதினாறு மாசமா… ஞாயித்துக்கெழம தவறாம… கோயிலுக்குப் போற மாதிரி…

வேதா: தண்ணி குடிங்க.

ஜெனிலா: நான் நாலு வருசமா எழுதுதேன்க்கா. ஆரும் படிக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருட்டுக்குள்ள கல்லெறிஞ்சிக்கிட்டு இருந்தேன். அங்கிட்டு ஒரு ஆளு ஞாயித்துக்கு ஞாயிறு வந்து நின்னுருக்கே! கர்த்தாவே… இது என்ன அதிசயம். ஆமா, கடேசில என்ன, கோடு தரையோட கெடக்கு?

வேதா: மூணு வாரமா வரல.

ஜெனிலா: ஏன்? ஏன் வரல? அலுத்துப் போச்சா? மேலுக்கு ஏதும் சுகமில்லையா?

வேதா: யாருன்னே தெரியாத ஆளுக்கு ஏன் இப்படிப் பதறுறீங்க?

ஜெனிலா: …பதறல. சும்மாதான் கேட்டேன்.

வேதா: சரி. கடைசியா ஒரு பழக்கம் சொல்லிடறேன். ஆறு மாசத்துக்கு ஒருதடவ பழைய பதிவத் தொறந்து படிக்கணும். தப்பு இருந்தா திருத்தணும். ஒரு பதிவுலருந்து இன்னொண்ணுக்கு வழி வைக்கணும். இப்ப இந்த அசனக் கறியவே எடுத்துக்கோங்க. உப்பு கூடினா என்ன செய்யறதுங்கற பதிவுக்கு இங்கருந்து ஒரு வழி வைக்கலாம்.

ஜெனிலா: அந்த ரெண்டையும் சேக்காண்டாம்.

வேதா: ஏன்?

ஜெனிலா: வேண்டாம்னா விடுங்களேன்க்கா.

வேதா: சரி, விட்டாச்சு. ஆனா இந்த மூணாவது வரிய மட்டும் திருத்துங்க. 'கறி வேகும்போதே உப்பைப் போட்டு விடவும்'னு எழுதிருக்கீங்க. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி, ஆமென் சொன்ன பொறவுல்ல உப்பு போடணும்?

ஜெனிலா: செத்த நேரத்துக்கு முன்னாடி, அசனம்னா என்னன்னு கேட்டீய.

வேதா: அது… நெட்ல எங்கயோ படிச்சேன். இப்பத்தான் ஞாபகம் வந்தது.

ஜெனிலா: நெட்ல எங்கயும் கெடையாது. நான் தேடாத எடமில்ல. ஆமெனுக்குப் பொறவு உப்புங்கிறது எங்க கோயில்ல மட்டும்தான். எங்க அப்பா வச்ச சட்டம். வெங்காயமே வெள்ளிக்கெழம சேக்காத வீட்டுப் பொண்ணுக்கு, எங்க அண்டாவுல உப்பு எப்பப் போடுவாவன்னு எப்படித் தெரியும்?

வேதா: நான் கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க ஜெனிலா. சமையல்காரர் மகளுக்கு இது தெரியாம இருக்குமா? தெரிஞ்சே ஏன் தப்பா எழுதினீங்க?

ஜெனிலா: சொன்னா நீங்களும் சொல்லுவீயளா?

வேதா: சொல்றேன்.

ஜெனிலா: எனக்கு ஒரு அண்ணன். மெல்வினு. அசனத்துக்கு உப்பு போடுறது அவன் பொறுப்பு. ஏழு வருசத்துக்கு முந்தி, ஒரு அசனத்துல, குழம்பு வாயில வைக்க முடியல. உப்பு கரிச்சிருச்சு. ஆயிரத்து இருநூறு எல. அம்புட்டு பேரும் வெறுஞ்சோத்த மோரு ஊத்தித் தின்னுட்டு எந்திரிச்சாவ. 'ஜெபத்துக்கு முன்னாடியும் போட்டியா, பின்னாடியும் போட்டியாலே'ன்னு அப்பா அகப்பைக் காம்ப எடுத்து சபைக்கு முன்னால வச்சு அடிச்சாவ. அண்ணன் ஒரு வார்த்த பேசல. அன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஏறுனவன்தான். கொச்சியில ஏதோ ஓட்டல்னு ஒரு தடவ போன் வந்துச்சு. பொறவு அதுவும் இல்ல.

வேதா: ரெண்டு தடவ போட்டாரா?

ஜெனிலா: …அவன் ஒரு தடவதான் போட்டான். ஆமெனுக்குப் பொறவு.

வேதா: அப்ப மொதத் தடவ?

ஜெனிலா: பொம்பளப் புள்ளைய அண்டா பக்கமே விட மாட்டாவக்கா. சின்னதுலருந்தே எனக்கு ஆசை. ஒருக்காவாவது அந்த அண்டாவுல எங்கையால உப்பு போடணும்னு. எல்லாரும் ஜெபத்துக்குக் கண்ண மூடி நின்னாவளா… நான் மூடல. படி நெறைய அள்ளிப் போட்டுட்டேன். அண்ணன் அடி வாங்கும்போது வாயத் தொறந்திருக்கணும். பதினேழு வயசு. பயம். இன்னைக்கு வரைக்கும் அப்பாட்ட சொல்லல. ஆருட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல… ஏன் சொல்லுதேன்னே தெரியல.

வேதா: அதுக்கும் இந்த வரிக்கும்?

ஜெனிலா: அவன் எங்க இருந்தாலும், அசனக் கறி ஞாபகம் வராம இருக்காது. வந்தா தேடுவான். தேடுனா இந்தப் பக்கம் வரணும். வந்தா இந்த உப்பு வரியப் பாத்துட்டு அவனால சும்மா போக முடியாது. 'ஏட்டி, தப்பா எழுதிருக்க'ன்னு கீழ ஒரு வரியாவது போடுவான்… அதுக்குத்தான் வேணும்னே மாத்தி எழுதுனேன். நாலு வருசமா அந்த ஒரு வரிக்காகத்தான் தெனமும் பிளாக்கத் தொறக்கேன்.

வேதா: ஒருவேளை அந்த ஆள் வந்து, படிச்சிட்டு, வேற மாதிரி நெனச்சிருந்தா? 'உப்ப மொதல்லயே போடறதுதான் சரின்னு எழுதிருக்காளே… இன்னும் மூடி மறைக்கறா'ன்னு?

ஜெனிலா: ஐயையோ… அப்படி நான் நெனச்சே பாக்கலியே.

வேதா: நெனச்சிருக்கலாமில்லியா?

ஜெனிலா: அப்படி நெனச்சா ஞாயித்துக்கு ஞாயிறு ஏன் வரணும்? சொல்லுங்கக்கா, நீங்க ஆரு?

வேதா: திருத்துங்க. சொல்றேன்.

ஜெனிலா: திருத்தணும்னா உள்ளத எழுதணும். எழுதுனா இந்தச் சபையில பாதிப் பேரு படிப்பாவ. இப்பத்தான காட்டுனீய, எம்புட்டு பேரு வாராவன்னு. நாளைக்கு அசனம். அடுப்பு வெட்டுற எடத்துலயே ஆராவது போன நீட்டி அப்பாட்ட காட்டிருவாவ.

வேதா: காட்டுவாங்க.

ஜெனிலா: ஆரும் வரலன்னு இருந்தப்ப எழுதிருக்கலாம்…

வேதா: யாரும் வராத எடத்துல சொல்றதுக்குப் பேர் சொல்றதா?

ஜெனிலா: …லேப்டாப்ப இங்கிட்டுத் தள்ளுங்க.

வேதா: மெதுவா. மூணாவது வரிக்குக் கீழயே எழுதுங்க.

ஜெனிலா: எழுதிட்டேன். படிக்கேன், கேளுங்க. 'மூன்றாவது வரி தவறு. எங்கள் கோயிலில் ஆமென் சொன்ன பிறகுதான் உப்பு போடுவார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் அசனத்தில் ஜெபம் முடியும் முன்பே உப்பைப் போட்டது என் அண்ணன் மெல்வின் இல்லை. நான். அப்பா, என்னை மன்னியுங்கள். அண்ணா, நீயும்.' போதுமாக்கா? இதுல மழை ஏதும் இல்லையே?

வேதா: ஒரு சொட்டு இல்ல. புதுப்பிக்கற பட்டன அழுத்துங்க.

ஜெனிலா: அழுத்திட்டேன்… அழுத்திட்டேன்க்கா. கர்த்தாவே.

வேதா: செத்த இருங்க. எங்கம்மாவுக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டு வரேன்… ம், ஆச்சு. இப்ப இன்னொரு பக்கம் தொறக்கறேன். இந்த நிமிஷம் உங்க பிளாக்க யார் படிக்கறாங்கன்னு காட்டும்.

ஜெனிலா: இந்த நிமிசமா? இப்பவேவா?

வேதா: பாருங்க.

ஜெனிலா: ஒண்ணு… ஒரு ஆளு. அசனக் கறிப் பக்கம்… ஊரு ராஜபாளையம்! நம்மதானக்கா இது? நம்ம லேப்டாப்புதான?

வேதா: இல்ல. இந்த லேப்டாப்ப கணக்குல சேக்காதன்னு வந்தவுடனே மாத்தி வச்சுட்டேன். உங்க போன் அங்க மேசையில கெடக்கு.

ஜெனிலா: அப்ப ஆரு? அப்பாவா? அதுக்குள்ளயா? எக்கா, பேசுங்க… அந்தச் சீஷெல்ஸு ஆளு ஏன் மூணு வாரமா அங்க வரல?

வேதா: ஏன்னா மூணு வாரமா அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல, எங்கம்மா கையால புளியோதரை சாப்பிட்டுட்டு இருக்கார்… அம்மாவுக்குன்னு சொல்லிப் போட்ட மெசேஜ் அவருக்குத்தான். இந்த நிமிஷம் உங்க ஊர் பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில உக்காந்து நீங்க எழுதினதப் படிக்கறார். அடி வாங்கும்போதே உங்க ஷால் நுனில உப்பு ஒட்டிருந்ததப் பாத்துட்டாராம். ஞாயித்துக்கு ஞாயிறு அந்த மூணாவது வரியப் பாத்துட்டு, 'இன்னும் பயந்துக்கிட்டுதான் இருக்கா'ம்பார். நான் தேடிப் புடிச்சு வந்தது உங்க பிளாக்க இல்ல, என் நாத்தனார… அழாதீங்க. மொதல்ல கோயிலுக்குப் போன் போட்டு, நாளைக்குப் பந்தியில ரெண்டு எல கூடப் போடச் சொல்லுங்க. ஒண்ணுல மட்டும் கறி வேண்டாம்.